புளிய இலையில் மூணு பேர்

மனசு ஒத்துப்போனால் புளிய இலையில்கூட ரெண்டு பேர் படுக்கலாம் என்று எங்கள் அப்பாயி அடிக்கடி சொல்லும். சண்டை போடும் பேரப்பிள்ளைகளை ஒரே பாயில் படுக்க வைப்பதற்கு அது வைத்திருந்த மந்திரம். மெக்கானிக்கல் படிக்க வந்த பிறகு அந்தப் பழமொழியோடு நான் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: மனசு மட்டும் போதாது, கையில் ஒரு டேப்பும் வேண்டும்.

நண்பர்களே! இடப் பற்றாக்குறை பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடுதியில் ஓர் அறைக்கு நாலு பேர். நாலு பெட்டி, நாலு பக்கெட், நாலு மினி டிராஃப்டர், மூலையில் சாத்தி வைத்த டிராயிங் ஷீட் குழாய்கள். இத்தனைக்கும் நடுவில் படித்து, துவைத்து, காயப்போட்டு, அரட்டையும் அடித்து, அரியர் இல்லாமல் தேறப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் நம் அறைக்குச் சக்கரம் கிடையாது. சக்கரம் வைத்த இடத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேரவன் யாருக்கு?

"கேரவன்" என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? படப்பிடிப்பு நடக்கும் ஊரில் மரத்தடியில் நிற்கும் நீளமான ஏ.சி. வண்டி. உள்ளே நடிகர் இருப்பார், வெளியே நாம் நிற்போம். அப்புறம் சுற்றுலாக்காரர்கள். கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. மெத்தை, குளியலறை, குளிர்பெட்டி எல்லாம் உள்ள வண்டியில் ஊர் சுற்றலாம் என்றார்கள். நல்ல விஷயந்தான். வேலை கிடைக்கும், தொழில் வளரும். கரூரில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தபோது அப்படி ஒரு வண்டிக்கு உள்வேலை நடப்பதைப் பார்த்து நானே வாயைப் பிளந்து நின்றேன்.

ஊர் திரும்பியதும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நம் தஞ்சை மண்ணில் வண்டியிலேயே தங்கி, வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்குகிறவர்கள் ஏற்கனவே இருக்கிறார்களே! அவர்கள் வண்டிக்கு உள்வேலை செய்து கொடுத்தவர் யார்? ஒருவரும் இல்லை. அவர்களை நாம் "கேரவன்" கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தை மாதத்துக் குடித்தனம்

தை பிறந்தால் சம்பா அறுவடை. வெளி மாவட்டங்களிலிருந்து அறுவடை மெஷின்கள் வரிசையாக வந்து இறங்கும். ஈரம் காயாத வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. பெல்ட் வண்டி தார்ரோட்டில் ஓடாது. லாரி மேல் ஏற்றித்தான் ஊர் விட்டு ஊர் கொண்டுபோக வேண்டும். அந்த லாரியோடு ஒரு குடும்பம் மாதிரி மூணு பேர் வருவார்கள்: மெஷின் ஓட்டுகிறவர், லாரி டிரைவர், ஹெல்பர் பையன். தை, மாசி இரண்டு மாசமும் அவர்களுக்கு லாரிதான் வீடு.

கடந்த தையில் எங்கள் ஊருக்கு, அம்மாப்பேட்டைப் பக்கம், அப்படி ஒரு செட் வந்தது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்துத் திடலில் லாரியை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம் பேச்சுக் கொடுக்கப் போனேன்.

"எப்பண்ணே தூங்குவீங்க?" என்று கேட்டேன்.

"பனி எறங்கினா வைக்கோல் நனைஞ்சிரும் தம்பி, மெஷின் ஓடாது. அதுவரைக்கும் ஓட்டுவோம். அப்புறம் பிளேடு பாக்கணும், பெல்ட்டு பாக்கணும், அடுத்த ஊருக்கு ஏத்தணும்னா ஏத்தணும். மிச்சம் இருந்தா தூக்கம்" என்றார் மெஷின் ஓட்டுகிற அண்ணன்.

டிரைவர் கேபினில் சீட்டு மேல் காலை மடக்கிப் படுப்பார். அண்ணன் லாரி தளத்தில் படுதா விரித்துப் படுப்பார். ஹெல்பர் பையன்? லாரிக்கு அடியில். பனி படாது, கொசுவத்தி அணையாது என்பது அவன் கணக்கு. வயசு பத்தொன்பது. நம் வயசு! இருட்டில் யாராவது வண்டியை எடுத்துவிட்டால் என்று கேட்டேன். "காலை வெளிய நீட்டிக்கிட்டுத்தான் படுப்பேன், தெரியும்ல" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரப்போரம் பாம்பு நடமாடும் காலம் வேறு.

மறுநாள் டேப்போடு போனேன்.

என் முதல் படம்

லாரித் தளம் 17 அடி நீளம், 7 அடி அகலம். 119 சதுர அடி. ஒரு ஆள் நன்றாகக் கால் நீட்டிப் படுக்க ஆறரை அடிக்கு இரண்டேகால் அடி, அதாவது 15 சதுர அடிக்குள். மூணு பேருக்கு 45. அப்படியானால் மிச்சம் 74 சதுர அடி. ஆகா என்று விடுதிக்கு வந்து ராத்திரியெல்லாம் படம் போட்டேன். ஒரு பக்கம் மூணு படுக்கை, மறுபக்கம் சமையல் மேடை, சிங்க், அலமாரி, மடக்கு மேஜை, டி.வி.க்கு ஒரு தட்டு. எல்லாம் 19 மி.மீ. பிளைவுட்டில். கரூரில் பார்த்த வண்டி கண்ணை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படத்தை விரித்துக் காட்டினேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் நல்லாருக்கு தம்பி. மெஷினு எங்க நிக்கும்?"

நண்பர்களே, வைவாவில்கூட அப்படி நான் முழித்ததில்லை. அந்தத் தளம் மெஷினுக்கானது. ஊர் மாறும்போது மெஷின் ஏறினால் ஓரத்தில் ஒரு சாண் இடம்கூடத் தேறாது. நான் நிற்கும் லாரியை அளந்தேன், ஓடும் லாரியை அளக்கவில்லை. எடையையும் பார்க்கவில்லை. 8க்கு 4 அடி பிளைவுட் ஒன்று, 19 மி.மீ. என்றால், 30 கிலோவுக்கு மேல் வரும். என் படத்துக்கு அஞ்சு பலகை வேண்டும். மெஷின் எடையோடு இந்த 150 கிலோவையும் யார் சுமப்பது?

இடத்தைப் பற்றி அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான்: எவ்வளவு இடம் இருக்கிறது என்பது ரெண்டாவது கேள்வி. அந்த இடத்தில் எந்த நேரத்தில் எது நடக்கிறது என்பதே முதல் கேள்வி.

ஒரே இடம், வேறு வேறு நேரம்

திருக்கோவலூரில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை இரவு. ஒரு சின்ன இடைகழி. முதலில் வந்தவர் படுத்திருந்தார். ரெண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். இடம் ஒரு அங்குலம்கூட வளரவில்லை. இருக்கிற விதம் மாறியது. பக்தியாளர்களுக்கு அது பெருமாள் நெருக்கிய கதை. நமக்கு அது இடக் கணக்கும்கூட.

இதையே ரயில்வே தினமும் செய்கிறது. தஞ்சாவூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறோம். ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரும் படுக்க இடம் உண்டு. எப்படி? நடு பெர்த் பகலில் சாய்மானப் பலகை, ராத்திரி படுக்கை. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் அது படுக்கை என்று நேரமும் வகுத்து வைத்திருக்கிறார்கள். நேரம் வகுக்காவிட்டால் அந்தப் பலகையால் சண்டைதான் மிஞ்சும்.

பழைய கூண்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து உட்காருவார்கள். வைக்கோல்தான் மெத்தை, வைக்கோல்தான் ஸ்பிரிங். ராத் தங்கும் இடத்தில் அதிலிருந்தே ஒரு கத்தை உருவி மாட்டுக்குப் போடுவார்கள். ஒரு பொருள், மூணு வேலை! எந்தக் கேரவன் கம்பெனி இதைவிடச் சிக்கனமாக யோசித்துவிட முடியும்?

அப்பாயி வீட்டுப் பாடம்

இரண்டாவது படம் போடுவதற்கு முன் நான் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. அப்பாயி வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சின்ன ஓட்டு வீடு. ஏழு பிள்ளைகள் வளர்ந்த வீடு.

மேலே பரண். வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கிற சாமான் எல்லாம் அங்கே. தினமும் எடுக்கிறது எதுவும் பரணுக்குப் போகாது. சுவரில் மாடம். விளக்குக்கு இடம் சுவருக்குள்ளேயே, தரையில் இல்லை. உத்தரத்தில் உறி. மோர்ப்பானை தொங்கும், பூனைக்கும் எறும்புக்கும் எட்டாது. குழந்தைக்குத் தூளி. பழைய சேலை ஒன்று, ஒரு கயிறு, தொட்டிலுக்குத் தரையில் இடமே வேண்டாம். சுவரோரம் கொடி. பாய் காலையில் சுருண்டு மூலைக்குப் போய்விடும். பாத்திரம் அடுக்கு. ஒன்றுக்குள் ஒன்று போகும்படி செய்த பித்தளை அடுக்கு, பத்துப் பாத்திரம் ஒரு பாத்திரத்தின் இடத்தில்.

உறியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கீழே வைத்த பானை வண்டி சாய்ந்தால் கவிழும். தொங்கும் பானை வண்டி சாய்ந்தாலும் தான் நேராகத் தொங்கும். பெண்டுலம் பாடம் நமக்கு முதல் வருஷம் பிசிக்ஸில் வந்தது. அப்பாயிக்கு அது உறியில் இருந்தது.

நமக்கு முன்னே செய்தவர்கள்

"இதெல்லாம் வெளிநாட்டு வேலை" என்று நினைக்கிறவர்களுக்கு மன்னார்குடியை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். 1931 அக்டோபர் 21ஆம் தேதி, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் புறப்பட்டது. ஏற்பாடு செய்தவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. அவர் ஒரு பொறியாளர்! தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்து நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன். படிக்கிறவன் நூலகத்தைத் தேடிப் போக வழியில்லாத கிராமங்களுக்கு நூலகம் மாட்டைப் பூட்டிக்கொண்டு போனது. ஒரு வண்டிக்குள் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று அந்த மனிதர் எத்தனை நாள் யோசித்திருப்பார்! நம் ஜில்லாக்காரர்கள் செய்த வேலை அது.

இன்னொருவர் நம் காலத்தவர், நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர்க்காரர் அருண் பிரபு. கட்டடக் கலை படித்த இளைஞர். பழைய ஆட்டோ ஒன்றின் மேல் 6 அடிக்கு 6 அடி, அதாவது 36 சதுர அடியில், சமையலிடம், கழிவறை, மேலே படுக்கை, மொட்டை மாடி என்று ஒரு வீட்டையே கட்டினார். "சோலோ.01" என்று பெயர். செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாய். பெரும்பகுதி பழைய இரும்புக் கடைச் சாமான். 2020, 2021ஆம் ஆண்டுகளில் அதன் படம் வராத பத்திரிகை குறைவு. அதில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, அவர் யோசனை ஆரம்பித்த இடம் சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகள். குறைந்த இடத்தில் ஏழை எப்படி வாழ்கிறான் என்று பார்த்த பிறகுதான் படம் போட்டார். இரண்டு, அந்த வீடு போல்ட்டில் நிற்கிறது. கழற்றி எடுத்துவிடலாம்.

கழற்றி மாட்டுவது ரொம்ப முக்கியம். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இல் ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் வைக்கிற ஒரு பெட்டியைச் செய்தது. வாரம் முழுக்க வேன் சரக்கு ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தால் அதுவே வீடு. பிற்காலத்துக் கேம்பர் வேன்களில் பேர்பெற்ற ஒரு வரிசை அந்தப் பெட்டியிலிருந்து வளர்ந்ததுதான். நம் லாரிக்கும் தேவை அதே மாதிரி ஒன்றுதான்: மெஷின் ஏறும்போது ஒதுங்கும், மெஷின் இறங்கியதும் விரியும் வீடு.

இரண்டாவது படம்

இந்தத் தடவை மூணு விதி வைத்துக்கொண்டேன். ஓடும்போது தளத்தில் எதுவும் இருக்கக் கூடாது. எந்தச் சாமானையும் ஒரு ஆளே தூக்க வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது ரெண்டு வேலை செய்ய வேண்டும்.

படுக்கை: ஒரு அங்குலச் சதுர எம்.எஸ். டியூப், 16 கேஜ். மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. ஆறரைக்கு இரண்டேகால் சட்டம், குறுக்கே ரெண்டு கம்பி, ஒன்றரை அடியில் மடங்கும் நாலு கால். மொத்தம் எட்டரை மீட்டர், பத்து கிலோ சொச்சம். மேலே பலகை கிடையாது, கட்டில் நாடா. காற்று போகும், எடை இல்லை, கிழிந்தால் எந்த ஊரிலும் பின்னிக்கொள்ளலாம். காலை மடக்கி மூணையும் அடுக்கினால் அரை அடி உயரந்தான். கேபின் மேல் கேரியரில் குறுக்கே கட்டிவிடலாம். மெஷின் தளத்தில் இருக்கும் ராத்திரியில் கட்டிலைத் தரையிலேயே போடலாம். கால் இருப்பதால் பூச்சி பொட்டு பயம் குறைவு. நாலு மூலையிலும் ஒரு கம்பி சொருகினால் கொசுவலை. லாரிக்கு அடியில் யாரும் போக வேண்டாம்.

சமையல் பெட்டி: 3 அடிக்கு ஒன்றரை அடி, தளத்துக்குக் கீழே ஓரத்தில் தொங்கும். சைலன்சர் இல்லாத பக்கமாக இருக்க வேண்டும். மூடியைக் கீழே இறக்கினால் அதுவே காய் நறுக்கும் பலகை. உள்ளே அடுக்குப் பாத்திரம்.

தண்ணீர்: 20 லிட்டர் கேன் ரெண்டு. 40 லிட்டர் என்றால் 40 கிலோ. எடையுள்ளது எல்லாம் கீழே, எடையற்றது மேலே. கேபின் மேல் தண்ணீர் டேங்கு வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், வளைவில் வண்டி சொல்லும் பதில் அழகாக இருக்காது.

தெரிந்த பட்டறை ஒன்றில் கெஞ்சி, ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில், நானும் என் அறை நண்பனும் ஒரே ஒரு கட்டில் செய்தோம். பைப், நாடா, வெல்டிங் ராடு எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஹெல்பர் பையனிடம் கொடுத்தோம். மாசி கடைசியில் அவன் போன் செய்தான். "நல்லாத் தூங்குறேன்டா. ஆனா கால் மடக்குற நட்டு ரோட்டுல ஆடி ஆடிக் கழண்டுபோச்சு." அதிர்வுக்கு லாக் நட் போட வேண்டும் என்று செமஸ்டரில் எழுதி மார்க் வாங்கியவன் நான்! எழுதியதைச் செய்ய மறந்துபோனேன். அடுத்ததில் நைலான் வளையம் வைத்த நட் போட்டிருக்கிறோம்.

அத்தை குடிக்காத தண்ணீர்

வண்டிக் குடித்தனம் லாரியோடு முடிவதில்லை. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும், கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்கும் எத்தனை டூரிஸ்ட் வேன்கள்! மேலே கேரியரில் அடுப்பும் அரிசி மூட்டையும், உள்ளே இருபது பேர். போன வருஷம் எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு வேன் கிளம்பியது. காலை அஞ்சு மணியிலிருந்து மாலை வரைக்கும் அத்தை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "ஏன் அத்தை, ஒடம்புக்கு முடியலையா?" என்றேன். அம்மாதான் பதில் சொன்னது: "குடிச்சா எறங்கணும்டா. எங்க எறங்குறது?"

ஒன்பது கோயில் வழியையும் மேப்பில் பார்த்து வைத்திருந்தேன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் வண்டியை அளந்தபோதெல்லாம் ஆம்பளை உடம்பைத்தான் அளந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தோழிகளே, இந்தக் கணக்கில் நீங்கள்தான் எங்களுக்கு வாத்தியார்.

வேனின் பின்கதவைத் திறந்து வைத்தால் ஒரு பக்கச் சுவர் கிடைத்துவிடுகிறது. 3க்கு 3 அடிக்கு மடங்கும் சட்டம் ஒன்றும் கனமான படுதாவும் இருந்தால் மறைவிடம் தயார். துணி மாற்றலாம், கை கால் கழுவலாம். உள்ளே மூடி போட்ட பக்கெட் இருக்கை. உமிக்கும் மரத்தூளுக்கும் நம் ஊரில் பஞ்சமா? மேலே ஒரு கை போட்டால் வாடை அடங்கும். வாய்க்காலில் கொட்டாமல், ஊர் வந்ததும் கழிவறையில் சேர்க்க வேண்டும். அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் அடுத்த ஊர்க்காரன் முகம் கழுவுகிறான்.

இன்னொன்று நெருப்பு. 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள். பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர். ஒன்பது பேர் கருகிப்போனார்கள். ரயிலுக்கு நேர்ந்தது வேனுக்கு நேர எவ்வளவு நேரம் ஆகும்? சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். ஜன்னல் திறந்திருக்கிறது என்ற தைரியம் வீண். ஆகவே என் கருத்து கறாரானது: வண்டிக்குள் அடுப்பே கூடாது. அடுப்பும் சிலிண்டரும் வெளியே இறங்கி, நின்ற இடத்தில் மட்டும் எரிய வேண்டும். இடத்தை மிச்சம் பிடிப்பது உயிரோடு இருப்பதற்காகத்தான்.

"இதுல என்னப்பா டெக்னாலஜி?"

ஃபைனல் இயர் புராஜக்டுக்கு இதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது எனக்குக் கிடைத்த முதல் கேள்வி இது. சென்சார் இல்லை, ஹைட்ராலிக் இல்லை, ஆட்டோமேஷன் இல்லை. கட்டிலும் பெட்டியும் ஒரு புராஜக்டா?

நான் கேட்கிறேன்: 80 கிலோ ஆள் புரண்டு படுக்கும் சட்டத்துக்கு வளைவு எவ்வளவு என்பது ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இல்லையா? மேடு பள்ளத்தில் நட் கழன்றால் அது மெஷின் டிசைன் இல்லையா? எடை எங்கே வைத்தால் வண்டி கவிழாது என்பது ஆட்டோமொபைல் பாடம் இல்லையா? கேள்விக்கு விடை காற்றில் இருந்தால் ரெண்டு மார்க். விடையின் மேல் ஒரு பையன் படுத்துத் தூங்கினால்?

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. முழுக் கேரவனாகக் கட்டுவதற்கு ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. அது பாடி கட்டும் கம்பெனிகளின் வேலை, அவர்கள் செய்யட்டும். நாம் வண்டியை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். இறக்கி வைக்கும் கட்டில், தூக்கி வைக்கும் பெட்டி, கட்டி அவிழ்க்கும் மறைப்பு. லக்கேஜ் மாதிரி ஏறும், லக்கேஜ் மாதிரி இறங்கும். அப்போதும் உயரமும் எடையும் அளவுக்குள் இருக்க வேண்டும், கட்டு அவிழக் கூடாது.

வருஷந்தோறும் நம் பாலிடெக்னிக்கில் எத்தனை புராஜக்டுகள் செய்கிறோம்? வைவா முடிந்ததும் அவை எங்கே போகின்றன? வொர்க்ஷாப் பின்னாலே துருப்பிடித்துக் கிடக்கும் மாடல்களைப் பார்த்துவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள். சிவில் நண்பர்கள் மறைவிடத்தையும் கழிவையும் பார்க்கட்டும். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பேட்டரியில் எரியும் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் கொடுக்கட்டும். நாங்கள் சட்டம் போடுகிறோம். பேரவை முன்வந்து, அடுத்த தைக்கு முன்னால் பத்துக் கட்டில், ரெண்டு மறைப்பு செய்தால் போதும். 2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. எத்தனை ஆயிரம் வேன்கள், எத்தனை அத்தைமார்கள்! அதற்குள் நம் படம் சரியாகிவிடும்.

படம் போடும் முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்த வண்டியில் தூங்குகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எப்பண்ணே தூங்குவீங்க?" என்று கேளுங்கள். டேப்பை அப்புறம் எடுக்கலாம்.

புளிய இலையில் ரெண்டு பேர் படுக்கலாம் என்று அப்பாயி சொன்னது பொய்யில்லை. நாம் கொஞ்சம் மெனக்கெட்டால் மூணாவது ஆளுக்கும் இடம் இருக்கிறது. அந்த மூணாவது ஆள் இன்றைக்கு லாரிக்கு அடியில் படுத்திருக்கிறான் நண்பர்களே. அவனுக்கு நம் வயசு.

- மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்